உருள்கோட்டைக் குடிபெயர்த்த படலம்

மூன்று பச்சை விளக்கும் அணையாது எரியும் மோடமே, முன்னின்று காப்பாய்! அழுத்தினால் எழாத இடைவெளிப் பொத்தானே, இக்கதை முடியுமட்டுமாவது எழுந்து நிற்பாய்! வாழ்க தசமப்புலி! புள்ளிக்குப் பின்னே எட்டாம் இடத்தில் ஓர் இலக்கம் பிசகினும் பொறாத பெருஞ்சினத்தோன். அசையாது அமர்ந்தே நாற்காலிப் பஞ்சைத் தன் வடிவுக்குக் கொணர்ந்த திண்ணிய இடையோன். காலர் கிழிந்த நீலச்சட்டையைக் கவசமெனப் பூண்டோன். காப்பீட்டு அலுவலகத்தில் புள்ளியியல் பார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு, சம்பளமில்லாத வேலையை மட்டுமே வேலையென மதிக்கும் வள்ளல்! அவன் மூன்று நாள் பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். போர் நடந்த இடம் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசை.

காரணம் கேளீர். யாரும் எடுத்தாளலாமென்று ஊர்பேர் தெரியாத நல்லோர் பலர் கூடி எழுதிவைத்த கணினி நிரற்களஞ்சியங்களை லைப்ரரி என்பர். அட்டவணைகளை ஆளும் பழைய லைப்ரரி ஒன்றில், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தசமப்புலி தன் பத்துவிரலால் பெற்றெடுத்துச் சீராட்டிய செல்வம் ஒன்று இருந்தது. ரோலிங் ரிக்ரெஷன் என்பது அதன் உலகப்பெயர். நாம் உருள்கோடு என்போம். கடந்த முப்பது நாளின் வெயிலையும் விற்பனையையும் எதிரெதிரே நிறுத்தி, வெயில் இவ்வளவு ஏறினால் விற்பனை எவ்வளவு இறங்கும் என்று அது ஒரு கோடு கிழிக்கும். மறுநாள் விடிந்ததும் பழைய நாளொன்றைத் தள்ளிவிட்டு, புதிய நாளொன்றைச் சேர்த்து, மறுபடியும் கிழிக்கும். அதற்கு வேறு வேலை கிடையாது.

அதை நம்பியிருந்தோருள் தலையாயவள் அவனுடைய அக்கா. அடுப்பனலுக்கு அஞ்சாதவள், மாவு படிந்த முழங்கையே கேடயமானவள், இரண்டு தெரு தள்ளி ரொட்டிக்கடை நடத்துபவள். நாளைக்கு வெயில் இன்னதென்றால் ரொட்டி இத்தனை என்று உருள்கோடு உரைக்கும். அத்தனைக்கு அவள் மாவு பிசைவாள். மிஞ்சியதை மாலையில் துணிப்பையில் போட்டுத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

இவ்வாறு உலகம் இனிது நடக்குங்கால், பழைய லைப்ரரியின் மூத்தோர் முரசறைந்தனர்: “அட்டவணை ஆள்வதே எம் தொழில், கோடு கிழித்தல் அன்று! வெள்ளி மாலை ஐந்து மணிக்கு உருள்கோட்டை நீக்குவோம். வேண்டுவோர் அதற்குள் புள்ளியியல் லைப்ரரிக்குக் கொண்டேகுக! அந்த வாயிலும் அதே மணிக்கு அடைபடும்; ஆறு திங்கள் திறவாது!”

அக்காவின் முரசு தொலைபேசியில் ஒலித்தது.

“டேய், வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எவ்வளவு மாவு பிசையறதுன்னு நான் யாரைடா கேக்கறது? உன் மூஞ்சியைப் பாத்துக் கண்டுபிடிக்கணுமா?”

சிலிர்த்தெழுந்தான் தசமப்புலி. அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று செய்தி விடுத்தான். புதன் காலை, ஒன்பது ஆண்டுப் பாசியேறிய நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் தேரேற்றிப் புதிய லைப்ரரியின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தினான். ஆங்கே காவல் நின்றதோ, எந்த ஊரென்றும் எந்த வயதென்றும் எவரும் அறியாத, விட்டுப்போன ஒரு கமாவுக்காக ஓராண்டு ஒருவரை வெளியே நிறுத்திவைத்த வரலாறுடைய, கமா என்றே பெயர்பெற்ற காவலர். “இந்தப் பெயர் ஆகாது” என்றார் கமா; பெயர் மாற்றினான். “இந்த வரி நீளம்” என்றார், ஒடித்தான். “இந்த விளக்கம் விளங்கவில்லை” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கத்துக்கு விளக்கம் எழுதினான். அன்று மட்டும் பதினேழு காயங்கள், அத்தனையும் மானத்தில்.

வியாழனன்று மூண்டது மெய்ப்போர். உருள்கோடு சரியாக உருள்கிறதா என்று சோதிக்க அவன் முன்பே எழுதிய நாற்பத்தொரு டெஸ்டுகள் அணிவகுத்து வந்தன. நாற்பது வீரர் பச்சைக்கொடி பிடித்தனர். ஒருவன் மட்டும் சிவப்பு. கடை விடுமுறை வந்து, விற்பனைக் கட்டம் வெறுமையாக இருக்கும் மாதத்துக்கான டெஸ்ட் அது. பழையதில் ஒரு விடை, புதியதில் வேறொரு விடை. “என் டெஸ்ட் பொய்யுரையாது! பொய்த்தது புதிய லைப்ரரியின் எந்திரமே!” என்று மிக்சியும் நடுங்க முழங்கினான். மதியச் சோறு ஆறியது. பக்கத்துவீட்டுத் துளைபோடும் எந்திரம் போர்ப்பறை கொட்டியது. ஈற்றில் புதிய எந்திரத்தின் கையைக் காலை முறுக்கி, பழைய விடையையே கக்கும்படி செய்து, நாற்பத்தொன்றும் பச்சையாக, வெற்றிப் பெருமிதத்தோடு குளிக்கப் போனான்.

வெள்ளி பகல் இரண்டு மணிக்குக் கமா ஒரு வரி எழுதியிருந்தார்: “இந்த டெஸ்ட்ல சரியான விடைன்னு ஒரு எண் போட்டிருக்கீங்களே, அது எங்கேருந்து வந்துச்சு? கையால போட்டுப் பாத்தீங்களா?”

கண்கள் சிவந்தன! மீசை துடித்தது! “ஒன்பது ஆண்டுகள்! ஊர் உலகமெல்லாம் ஆண்ட விடை! அதைப் பார்த்துக் கேட்டீரே ஒரு கேள்வி!” என்று தட்டச்சுமழை பொழிந்தவன், அனுப்புமுன் கமாவின் மூக்கை ஒரேயடியாக உடைக்க எண்ணி, பென்சிலும் தாளும் தேடியெடுத்து, அக்கா கடைக் கணக்கையே எடுத்து ஒவ்வொரு நாளாகக் கையால் போடத் தொடங்கினான். கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. அந்த வெற்றுக் கட்டத்தைப் பழைய உருள்கோடு விற்பனை வரிசையிலிருந்து நீக்கி, கீழே இருந்தவற்றை ஒருபடி மேலே இழுத்திருந்தது. வெயில் வரிசையை மட்டும் தொடவில்லை. ஆகவே வியாழன் விற்பனை புதன் வெயிலோடு ஜோடி சேர்ந்திருந்தது. வாரம் ஒருநாளாக, மாதக் கடைசியில் நாலு நாள் தள்ளிப் போயிருந்தது. துணையின்றி நின்ற நாலு வெயிலையும் சத்தமில்லாமல் வெட்டி எறிந்திருந்தது. டெஸ்டில் இருந்த சரியான விடை? டெஸ்ட் எழுதிய அன்று உருள்கோடு கக்கிய எண்ணையே அவன் அள்ளி ஒட்டியிருந்தான். தன் விடைத்தாளைத் தானே திருத்தித் தனக்கே நூறு போட்டுக்கொண்டிருந்தான்.

அவன் கையிலிருந்து பென்சில் உருண்டது. பிறர் பல் பிடுங்கி வாழும் மருத்துவச்சியாகிய அவன் மனைவி, நேற்றைய ரொட்டியை மென்றபடி தாளை எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க? காய்ச்சல் நெஜமாவே வந்துடுச்சா?”

மணி நாலே கால். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? நாற்பத்தொன்றும் பச்சை, ஒரு வார்த்தை சமாளித்து எழுதினால் கமாவும் விட்டுவிடுவார். சொன்னாலோ, ஒன்பது ஆண்டு அவனை ஆசான் என்றழைத்த உலகத்தின் முன், பொதுவெளியில், அழிக்க முடியாத எழுத்தில் தலைகுனிய வேண்டும். அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆயினும் நாற்பத்தொன்றாம் வீரனைத் தன் கையாலேயே வெட்டிச் சாய்த்தான், தாளில் வந்த விடையை அவ்விடத்தில் நட்டான், முறுக்கிய எந்திரத்தின் கையைக் காலை விடுவித்தான், பிறகு எழுதினான்: “தவறு என்னுடையது. ஒன்பது வருஷமா தப்பா இருந்திருக்கு. கேட்டதுக்கு நன்றி.”

நாலு ஐம்பத்தேழுக்குக் கமா பதிலிறுத்தார்: “ஏத்துக்கிட்டேன். மூணாவது வரியில ஒரு கமா விட்டுப்போச்சு, நானே போட்டுட்டேன்.” அவ்வாயிலில் அதற்குமுன் எவர்க்கும் நிகழாத பெருங்கருணை அது. தசமப்புலிக்குக் கண் கலங்கிற்று.

அன்று மாலையே அக்காவின் மடிக்கணினியில் புதிய உருள்கோட்டை அரியணை ஏற்றி, உண்மை உரைத்தான். அவள் மாவுக்கையை இடுப்பில் ஊன்றிக் கேட்டுநின்றாள். பழைய கோடு வெயிலின் வலுவைக் குறைத்தே மதித்து வந்தது. ஆகவே குளிர்ந்த நாளில் பத்து மணிக்கே ரொட்டி தீர்ந்துபோகும். அதை வியாபாரம் என்றிருந்தாள் அக்கா. கொளுத்தும் நாளில் பை நிறைய மிஞ்சும். அதைப் பாசம் என்றிருந்தான் தம்பி.

“அப்போ இத்தனை வருஷமா உன் வீட்டுக்கு நான் அனுப்பினது உன் தப்பையாடா? போகட்டும், நல்லாத்தானே தின்னீங்க” என்றாள்.

சனிக்கிழமை தலை வெடிக்கும் வெயில். வெண்குடை கவித்த வேந்தனெனத் தசமப்புலி பால்கனியில் நின்று, வாகை சூடிய நெற்றி வியர்க்க, தன் மெய்க்கோடு மண்ணுலகை ஆளும் மாட்சியை எண்ணி எண்ணி, எப்போதும் பை வரும் தெருமுனையை நோக்கி ஏழு மணிவரை விழியிமையாது காத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் ரொட்டி இல்லை.