கதைக்கு ஒன்பது மார்க்

மூன்று நிமிடமாகத் தலைமுடிதான் இறங்கிக்கொண்டிருந்தது. அதுவும் நீல நிறத் தலைமுடி.

கச்சேரி ரோடு பிரவுசிங் சென்டரில், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு முன்னால் சடகோபன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். படம் மேலேயிருந்து கோடு கோடாக வந்தது. நெற்றி வருவதற்குள் வடக்கு மாட வீதி வரை போய்க் காபி குடித்துவிட்டு வந்திருக்கலாம்.

"ஏம்மா, இந்தப் பொண்ணுக்கு முகம் எப்போ வரும்?"

"வரும் சார். லைன் ஸ்லோவா கீது," என்றாள் கவுண்டரில் இருந்த ஷகீலா.

சடகோபன் முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்துவதில் அரை மார்க்கைக்கூடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். அவருடைய ஒரே பெண் மாளவிகா அடையாறில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். பதினொரு ஜாதகத்தை ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்தவள், போன வாரம் கே.கே. நகர் மாமி ஒருத்தி அனுப்பிய பன்னிரண்டாவதைப் பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டாள்.

பையன் மாமியின் அண்ணா பிள்ளை. பெயர் ஸ்ரீவத்சன். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். பத்துக்கு எட்டுப் பொருத்தம். நல்ல குடும்பம், நல்ல உத்தியோகம். குறை சொல்ல ஒரு இடம்கூட இல்லை. அதுதான் சடகோபனுக்கு நாலு நாளாகத் தூக்கத்தைக் கெடுத்தது. சரி என்று சொல்லிவிட்டால் பெண் பிளேன் ஏறிவிடுவாள். 'அவளை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது' என்று ஐம்பத்தொன்பது வயது மனிதர் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? கௌரவமான காரணம் ஒன்று வேண்டும்.

பையனைப் பற்றிய குறிப்பின் கடைசி வரியில் அது கிடைத்தது. 'பொழுதுபோக்கு: இன்டர்நெட்டில் படக்கதை.' பக்கத்திலேயே முகவரியும் இருந்தது. இன்று மாலை ஆறு மணிக்கு மாமி பதிலுக்காகப் போன் செய்வாள். அதற்குள் பையனைத் திருத்தி முடித்துவிடுவது என்று வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு தாளில் கட்டம் போட்டிருந்தார். படம் நாற்பது, கதை நாற்பது, இணையதளம் இருபது. தேர்ச்சிக்கு ஐம்பது.

முகம் வந்தது. பாதி முகத்துக்குக் கண்.

"மூக்கே இல்லையேம்மா!"

"ஜப்பான் ஸ்டைல் சார் அது. மூக்கு சின்ன கோடாத்தான் போடுவாங்க."

"பையன் அமெரிக்காவில இருக்கான். பொண்ணு ஏன் ஜப்பான்ல இருக்கா?"

ஷகீலா எழுந்து வந்து அடுத்த பக்கத்தை அமுக்கிவிட்டுப் போனாள்.

மூன்று மணி நேரத்தில் இருபது பக்கம் பார்த்தார். கலங்கரை விளக்கத்துக் காவல்காரரின் பெண் ஒருத்தி. அப்பாவுக்குத் தெரியாமல் உடைந்த பறக்கும் படகு ஒன்றைப் பழுது பார்க்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் கஞ்சி, உப்பு, காற்று இவற்றைப் பற்றி மட்டும் பேசுகிறாள். ஒரு நாள் படகில் ஏறிக் கிளம்பியே விடுகிறாள். சடகோபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பெண்ணாவது பெற்ற அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படிச் செய்வாளா?

'எழுதியவருக்குப் பெண்களின் மனசு அறவே தெரியவில்லை' என்று குறித்து, கதைக்கு ஒன்பது போட்டார். 'எங்களைப் பற்றி' என்ற பொத்தானை நாலு தடவை அமுக்கியும் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. இணையதளத்துக்கு ஆறு.

படத்தில்தான் அவருக்கு ஞானம் போதவில்லை. ஒரு பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, பழைய பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் ஐவியைத் தேடிச் சாந்தோமுக்கு விறுவிறு என்று நடந்தார். பிரிண்டரில் மை தீரும் நிலை. கதாநாயகிக்குக் குறுக்கே மூன்று வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

ஐவி டீச்சர் தாளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"யார் சார் போட்டது? கை விரலெல்லாம் பாருங்க. விரல் வரையறதுதான் கஷ்டம். நல்லா வந்திருக்கு."

"கண்ணு பூசணிக்காய் மாதிரி இல்லே?"

"அது ஒரு பாணி சார். அதுக்குள்ள ஒழுங்கா இருக்கே. நான் முப்பத்தஞ்சு போடுவேன்."

"முப்பத்தஞ்சா!" சடகோபன் பதறிப்போய்க் கூட்டினார். முப்பத்தைந்தும் ஒன்பதும் ஆறும் ஐம்பது. பையன் பாஸ்!

"டீச்சர், கொஞ்சம் நன்னாப் பாருங்கோ. ஒரு மார்க் குறைக்க முடியாதா?"

"பிள்ளையை ஃபெயிலாக்கணும்னே வந்திருக்கீங்களா சார்?" என்று ஐவி சிரித்தார். "சரி, கோடு விழுந்ததுக்கு ஒண்ணு குறைச்சுக்கோங்க."

நாற்பத்தொன்பது. பிரவுசிங் சென்டருக்குத் திரும்பும்போது மணி ஐந்து. அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்தார்.

"எங்கே போய்ட்டேள்?" என்றாள் மனைவி கோமளா. "மாமி போன் பண்ணினா நான் என்னன்னு சொல்றது?"

"பையன் ஒரு மார்க்ல போய்ட்டான்னு சொல்லு."

"கல்யாணத்துக்குப் பாக்கறேளா, பத்தாங்கிளாசுக்குப் பாக்கறேளா? ஒழுங்கா ஆத்துக்கு வாங்கோ!"

ஆனால் முடிவைத் தேர்வு எழுதியவனுக்கு முறைப்படித் தெரிவிக்க வேண்டாமா? அந்தப் பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. மதிப்பெண் பட்டியல், பெண்களின் மனசு பற்றிய குறிப்பு, 'தேர்ச்சி இல்லை' எல்லாவற்றையும் ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் தட்டி, 'முப்பத்தோரு வருட அனுபவமுள்ள கணக்கு ஆசிரியர்' என்று கையெழுத்தும் போட்டு அனுப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார். மறுபடி. கோபத்தில் இன்னும் நாலு தடவை.

பிறகு ஏழும் சேர்ந்தாற்போல் வந்து நின்றன.

"இன்னா சார் இது?" என்று ஷகீலா ஓடிவந்தாள். "இது கெஸ்ட் புக். உலகமே படிக்கும்!"

"நான் அந்தப் பையனுக்குத் தனியா லெட்டர்னு நெனச்சுண்டேனே! அழிம்மா!"

"நம்மளால அழிக்க முடியாது சார்."

அவசரமாக ஒரு மார்க்கைக் கூட்டி, 'மறுமதிப்பீட்டில் தேர்ச்சி' என்று எட்டாவதாக ஒன்று அனுப்பினார். அதற்குள் டொரான்டோவிலிருந்து ஒருத்தி, கணக்கு வாத்தியாருக்குக் கதை எப்படிப் புரியும் என்று கேட்டிருந்தாள். பிரேசில்காரன் ஒருவன், மார்க்கையே ஒழுங்காகப் போடத் தெரியாதவர் என்றான். சடகோபனுக்கு வியர்த்தது. முப்பத்தோரு வருடத்தில் யாரும் சொல்லாத வார்த்தை.

டொரான்டோக்காரி கடைசியில், இருபத்தொன்றாம் பக்கத்தைப் பாருங்கள் என்று எழுதியிருந்தாள். அதை அமுக்கினார். கோடு கோடாக அதுவும் இறங்கியது. நடுக்கடலில், படகுக்குள், நீலக் கூந்தல்காரி எழுதுகிறாள்: 'அப்பா, சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பேன். சொன்னால் நீங்கள் போகாதே என்று சொல்ல மாட்டீர்கள். ஒன்றும் பேசாமல் எனக்கு வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.'

சடகோபன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ஷகீலா, எனக்குக் கை ஓடலே. நீ டைப் அடிம்மா. பழையது எல்லாம் தப்பு, மன்னிக்கணும்னு போடு. நான் எக்ஸாமினர் இல்லே, பொண்ணைப் பெத்தவன். அவளை அனுப்ப மனசு வராம மார்க்கைக் குறைச்சேன்னு எழுது. கதைக்கு நாற்பதுக்கு நாற்பது. கல்யாணத்துக்குச் சம்மதம்."

ஷகீலா மடமடவென்று அடித்தாள். "பேரு சார்?"

"சடகோபன், மாளவிகாவோட அப்பான்னு போடு."

அவள் விரல் நின்றது. "எந்த மாளவிகா? கண்ணாடி போட்டுகினு, அடையார் ஆபீஸ்லேர்ந்து வருமே, அதுவா?"

"அவளேதான். உனக்கெப்படித் தெரியும்?"

ஷகீலா அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயோ சார், படம் மட்டும்தான் அந்த அமெரிக்காக்காரரு. கதை பூரா உங்க பொண்ணுதான், ரெண்டு வருசமா இதே சீட்டுல குந்திகினு எழுதி அனுப்பிகினு கீது!"