நான்கு அங்குலம் அதிகம்

“இங்க பாரு. இது முழங்கை. மேடை அதுக்கும் மேல வருது. இப்படி நின்னு அவ எப்படிய்யா காய் நறுக்குவா?”

ஆய்வாளர் தன் மனைவியின் நைட்டியை ஹேங்கரில் மாட்டி, கீழ் ஓரம் தரையைத் தொடுகிற மாதிரி புதுச் சமையல் மேடைக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார். கிச்சன் மாட்ட வந்த ஃபிட்டர் அவரையும் நைட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அம்மா உயரம் எவ்வளவுன்னு சொல்லிட்டா நைட்டி தேவையில்லையே சார்.”

“அவ... சராசரி.”

“சராசரின்னா?”

“சராசரின்னா சராசரி!”

முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பத்து கிராம் குறைந்த எடைக்கல்லைக் கையில் வாங்கியதுமே பிடித்துவிடுவார். அவர் தெருவில் நுழைந்தால் ஜவுளிக்கடைக்காரர்கள் மீட்டர் கோலை ஒளித்துவைப்பார்கள். அதே முப்பத்தொரு வருடமும் கூடவே இருந்த மனைவியின் உயரம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அதை அளக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு எதுவும் வரவில்லை.

“உங்களுக்குக் கனகச்சிதமா இருக்கே சார்,” என்றார் ஃபிட்டர்.

“எனக்கு எதுக்குய்யா கச்சிதம்? நானா சமைக்கப்போறேன்?”

ஃபிட்டர் கையிலிருந்த அளவுத்தாளை ஒருமுறை பார்த்தார். “ஆபீஸ்ல கொடுத்த அளவு. அதைத்தான் மாட்டினேன்,” என்று டிரில்லிங் மெஷினைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பழைய சமையலறையை இடித்த அன்றுதான் மனைவி மகள் வீட்டுக்குப் போனாள். “தூசி எனக்கு ஒத்துக்காது. நீங்க கூட இருந்து வேலையை முடிங்க,” என்றாள். இரண்டு மாதம் ஆகிவிட்டது. மூன்று வேளையும் ஹோட்டல் பொட்டலம். பொட்டலத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், வீட்டுக்குள் நுழைந்தால் ‘வந்துட்டீங்களா’ என்று கேட்க ஆள் இல்லாததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. ஃபோனில் வேறு மாதிரிதான் வந்தது.

“ஹோட்டல் சாப்பாடு வயித்தைப் புண்ணாக்குது. ஞாயித்துக்கிழமை வந்துடு. எல்லாம் ரெடி.”

“அவசரமில்லைங்க. நிதானமா முடிக்கட்டும். மேல் ஷெல்ஃப் உங்க கைக்கு எட்டுதா?”

“எனக்கு எட்டி என்ன ஆகப்போகுது?”

“சும்மா கேட்டேன்,” என்று வைத்துவிட்டாள்.

உயரத்தை அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால், ‘இத்தனை வருஷமா இதுகூடத் தெரியாதா’ என்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவர் தச்சரைக் கூப்பிட்டார்.

தச்சர் யோசனைக்காரர். “மேடையை இறக்க முடியலைன்னா தரையை ஏத்திடலாம் சார்,” என்றார். மேடைக்கு முன்னால் தரை நெடுகிலும் நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு மரப்பலகை அடித்தார். ஆய்வாளர் நைட்டியை அதன்மேல் நிறுத்திப் பார்த்தார். முழங்கை சரியான இடத்தில் வந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, கீழ் அலமாரியைத் திறக்கப் போனார்.

திறக்கவில்லை. கதவு பலகையில் இடித்தது.

“இவ்வளவுதானே,” என்று தச்சர் எல்லாக் கதவுகளின் அடியிலும் இடிக்கிற அளவுக்கு அறுத்தெடுத்தார். கதவுகள் திறந்தன. ஆனால் தண்ணீர் புகாமல் ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டையும் அறுபட்டதோடு போயிற்று. சிங்க்கிலிருந்து தெறித்த தண்ணீர் பலகையில் தேங்கி, அறுத்த வாய் வழியாக மேலே ஏறியது. நாலே நாளில் கதவுகள் உப்பிப்போய், இப்போது மூடவில்லை.

“இழைச்சுடலாம்,” என்றார் தச்சர். இழைத்தார். ஊறிய கதவில் கீல் திருகு நிற்குமா? ஒரு கதவு கழன்று ஆய்வாளரின் கால் கட்டைவிரலில் விழுந்தது. அவர் வலி தாங்காமல் துள்ளினார். பலகைமேல் நின்று துள்ளியதால், தலை நேராகச் சிம்னியில் போய் மோதியது.

“சிம்னியைக் கொஞ்சம் ஏத்திடலாமா சார்?” என்றார் தச்சர் கரிசனமாக.

“வெளியே போய்யா!”

தச்சர் போனபிறகு ஆய்வாளர் பலகைமேலேயே உட்கார்ந்தார். சுற்றிலும் வாய் பிளந்த அலமாரிகள். இதைப் பார்த்தால் அவள் வாசலோடு திரும்பிவிடுவாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அழுது பழக்கமில்லாததால் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டார். இத்தனைக்கும் காரணம் யார்? அளவைத் தப்பாக எழுதிய கடை. எத்தனை கடைக்குச் சீல் வைத்த கை இது!

நெற்றியில் புடைப்போடு, நொண்டிக்கொண்டே, கையில் டேப்பும் ஹேங்கரில் நைட்டியுமாக அவர் ஷோரூமுக்குள் நுழைந்ததும், சோபாவில் உட்கார்ந்து கேட்லாக் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது. வரவேற்பு மேசைப் பெண் மட்டும் மரியாதையாக எழுந்து நின்றாள்.

“யாரும்மா எங்க வீட்டு அளவை எழுதினது?”

“நான்தான் சார்.”

“முப்பத்தெட்டு அங்குலம் மேடை! என் சம்சாரத்துக்கு நாலு அங்குலம் அதிகம். சிம்னி, ஷெல்ஃப், ஒண்ணுகூட அவ கைக்கு எட்டாது. இப்படி அளந்து வித்தவன் எத்தனை பேரை நான் கோர்ட்ல நிறுத்தியிருக்கேன் தெரியுமா? அத்தனையையும் பிடுங்கிட்டு, அவ உயரத்துக்குப் புதுசா மாட்டிக் கொடுக்கணும். அதுவும் ஞாயித்துக்கிழமைக்குள்ள. அவ வரா!”

பெண் பதற்றப்படாமல் ஃபைலை எடுத்து, ஆர்டர் கொடுத்த அன்று எழுதிய தாளைத் தேடிப் பிடித்தாள். தாளைப் பார்த்தாள். அவரை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

“சமைக்கிறவங்க உயரம்: அஞ்சு அடி பத்து அங்குலம். அப்படித்தான் சார் போட்டிருக்கு.”

“அது என் உயரம்மா!”

“ஆமா சார், அம்மாவே வந்து சொல்லி எழுத வச்சாங்க... ‘நான் திரும்பி வரப்போறதில்ல, இனிமே அங்க நின்னு சமைக்கப்போறது அவர் ஒருத்தர்தான், அவர் உயரத்துக்கே போட்டுடுங்க’ன்னு. உங்ககிட்ட சொல்லலையா?”