நகரபிதாவுக்கு நான் செய்த மரியாதை

எனக்கு ஆட்களை வரவேற்கத் தெரியாது. இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொல்லத் தொடங்கினால் குரல் மாற்றி, எழுந்து நடித்துக் காட்டி, தேநீர் ஆறும்வரை சொல்லுவார். எனக்கு அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

தொண்ணூறுகளில் இத்தாலியின் தெற்கே பலெர்மோவுக்கு வந்த புதிதில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது ஒரு சீமாட்டி, வீட்டில் வேலை செய்தேன். சிஞ்ஞோரா இந்த ஊர்க்காரி அல்ல. வடக்கே, அல்ப்ஸ் மலைக்குள் ஒரு சிறு ஊரில் பிறந்தவர். பலெர்மோக்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து இங்கே வந்து, அவரும் காலமான பிறகு தனியாக இருந்தார். கதைக்க ஆள் இல்லை. நான் அகப்பட்டேன்.

காலையில் கோப்பி போடும்போது ஊரின் பூமிசாஸ்திரம் தொடங்கும். இரண்டு மலை, நடுவில் ஓர் ஆறு, ஆற்றோரம் ஒரே ஒரு தெரு. நவம்பரில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் பெப்ரவரியில்தான் திரும்பி வருமாம். தூசி தட்டும்போது சரித்திரம். ஒரு காலத்தில் முழு ஊரும் எரிந்துபோனது. அதன் பிறகுதான் மரக்கூரையை விட்டுக் கல்லால் கூரை போட்டார்கள். உடுப்புக்கு இஸ்திரி போட்டு மினுக்கும்போது ஊர் வழக்கங்கள். வாய்க்கால் துப்புரவாக்க வீட்டுக்கு ஓர் ஆள் போகவேண்டும். ஊருக்கெல்லாம் பொதுவாக ஓர் அடுப்பு. வருடத்துக்கு ஒருமுறை அதில் ரொட்டி சுட்டு, காயவைத்து, மற்ற மாதமெல்லாம் கத்தியால் வெட்டித் தின்பார்கள். கோடையில் மாடுகளை மலைக்கு மேலே ஏற்றி, குளிர் வருமுன் இறக்குவார்கள். முன்னால் வருகிற பசுவுக்குப் பூ அலங்காரம் உண்டு. (இந்தக் கடைசிப் பகுதியை நான் நின்றபடி தூங்கித் தூங்கிக் கேட்டேன். அதன் பலனைப் பிறகு அனுபவித்தேன்.)

வெங்காயத்துக்கு இத்தாலியனில் என்ன சொல் என்று தெரியுமுன் பனிச்சரிவுக்கு எனக்குச் சொல் தெரிந்துவிட்டது. பலெர்மோ வெயிலில் அதை வைத்து நான் என்ன செய்ய? ஆனாலும் தலையாட்டினேன். சிஞ்ஞோரா வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால்தான் என் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, புதுப்பிக்கப்படும். அது கிடைத்தால்தான் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்துக் கிடந்த மனைவியைக் கூப்பிடலாம்.

“முதலிலை விருந்தாளியள் வந்து போகட்டும். பிறகு கையெழுத்து” என்றார் சிஞ்ஞோரா. “எல்லாம் ஒழுங்காய் நடக்கவேணும், விளங்குதோ?” (அவர் பேசியது இத்தாலியன்தான். ஆனால் வாங்கிய ஏச்செல்லாம் என் மண்டைக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் பதிந்திருக்கிறது.)

விருந்தாளிகள் அந்த மலையூரின் நகரபிதாவும் அவர் மனைவியும். நகரபிதா மாட்டுப் பண்ணைக்காரர். கோடையில் இருதய சத்திரசிகிச்சை செய்து மயிரிழையில் தப்பியவர். கொஞ்சம் வெயில் காயட்டும் என்று நவம்பர் தொடக்கத்தில் பலெர்மோவுக்கு வருகிறார். தெற்கத்தியானைக் கட்டிக்கொண்டு போனவள் சீரழிந்துவிட்டாள் என்று அந்த ஊரில் சிஞ்ஞோராவைப் பற்றி ஒரு கதை இருந்ததாம். சிஞ்ஞோரா வெள்ளிக் கரண்டிகளை மினுக்கச் சொன்னார். நான் அதோடு நின்றிருக்கலாம்.

எங்கள் ஊரில் வாசிகசாலைத் தலைவர் வந்தாலே மாலை போடுவோம். வருகிறவரோ நகரபிதா. அந்த நாட்களில் சந்தையெல்லாம் செவ்வந்தி குவிந்து கிடந்தது. கடைகளில் சீனியில் செய்த பொம்மைகள், பழம் போலவே செய்த இனிப்புகள், பிள்ளைகள் கையில் புது விளையாட்டுச் சாமான்கள். என்னோடு அறையில் இருந்த குகன் எனக்கு முன்னமே வந்தவன், எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லுகிறவன். அவனிடம் கேட்டேன்.

“மச்சான், என்ன இவ்வளவு பூ?”

“அவையளுக்குப் பெருநாள், மச்சான். வீட்டுக்கு வீடு பூ வாங்குவினம்.”

பிழை சொல்லவில்லை. பெருநாள்தான். இறந்தவர்களின் பெருநாள் என்ற பாதியை விட்டுவிட்டான், அல்லது அவனுக்கே தெரியாது.

பூக்காரர் மிகவும் மரியாதையானவர். தொப்பியைக் கழற்றினார்.

“ஆருக்கு? அம்மாவுக்கோ?”

“இல்லை, நகரபிதாவுக்கு!” என்றேன் பெருமையாக.

“ஐயோ! எப்ப?”

“இண்டைக்கு மத்தியானம்.”

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, இன்னும் இரண்டு கட்டுப் பூவைக் காசு வாங்காமல் தந்தார். எவ்வளவு நல்ல சனம் என்று மனம் குளிர்ந்து, குசினி அடுப்படியில் உட்கார்ந்து மாலை கட்டினேன். சிஞ்ஞோரா தலை அலங்காரத்துக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது.

கதவைத் திறந்தேன். அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. முதலில் பன்னீர் தெளித்தேன். பிறகு நகரபிதாவின் நெற்றியில் சந்தனம் தொட்டு வைத்தேன். பிறகு, அவர் உயரமான மனிதர், எட்டி எட்டி மாலையைப் போட்டுக் கைகூப்பினேன்.

இத்தாலியில் பாதிரியார் சவப்பெட்டிக்குத் தீர்த்தம் தெளிப்பார். சாகக் கிடக்கிறவரின் நெற்றியில் எண்ணெய் தொட்டு வைப்பார். செவ்வந்தி சமாதிக்குத்தான் போகும். இருதயம் வெட்டித் தைத்து வந்த மனிதருக்கு வாசலிலேயே முழுச் செத்தவீட்டையும் நடத்தி முடித்துவிட்டேன். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்தது, நகரபிதாவின் மனைவி சுவரைப் பிடித்தபடி மெல்லக் கீழே குந்தியதும், நகரபிதா அவசரமாகக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டதும்தான். இரும்பைத் தொட்டால் சாவு விலகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

சிஞ்ஞோரா ஒரு காதில் மட்டும் தோடு போட்டபடி ஓடி வந்தார். “என்னடா செய்தனி?”

“மரியாதை, சிஞ்ஞோரா. எங்கடை ஊரிலை பெரியாக்கள் வந்தால்...”

நகரபிதா மாலையின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். “தம்பி, எங்கடை ஊரிலை பூவைக் கட்டிக்கொண்டு வாறது பசு. இந்தப் பூவெண்டால் பிணம். நான் இதிலை எதெண்டு சொல்லு. அதுக்கேத்த மாதிரி உள்ளை வாறன்.”

அவர் சிரித்தாரா என்று கேட்பீர்கள். இல்லை. சாப்பாட்டு மேசையிலும் யாரும் சிரிக்கவில்லை. நான் பரிமாறிய ஒவ்வொரு தட்டையும் அவர் மனைவி முதலில் முகர்ந்து பார்த்தார். குசினிக்குள் நின்று, லொட்ஜ் அறையில் இருக்கிறவளுக்கு என்ன சொல்லுவது என்று யோசித்தேன். அழுகை வந்தது. அழவும் களைப்பாக இருந்தது.

மாலையைக் குப்பையில் போட ஒருவருக்கும் துணிவில்லை. என்னிடமே தந்து அனுப்பினார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார இடம் தேடியபோது ஒரு கிழவி எழுந்து இடம் தந்து, என் தோளைத் தட்டி, “மனதைத் தேற்றிக்கொள், மகனே” என்றார். நன்றி சொல்லி உட்கார்ந்தேன். அன்று எனக்கு அந்த ஆறுதல் உண்மையிலேயே தேவையாக இருந்தது.

அடுத்த நாள் சிஞ்ஞோரா கோப்பியைத் தானே போட்டுக் குடித்தபடி இருந்தார். நான் போய் நின்றேன்.

“உன்னை நிப்பாட்டத்தான் இருந்தனான்” என்றார். “இரவு முழுக்க யோசிச்சன். புதிசா ஒருத்தன் வந்தால் ஊர்க்கதையை ஆத்திலையிருந்து திரும்பத் தொடங்கவேணும். உனக்கு ஊர் எரிஞ்சது வரைக்கும் சொல்லியாச்சு. எனக்கு இனி ஏலாது.”

கையெழுத்து வைத்தார். என் இத்தாலிய வாழ்க்கை என் திறமையால் நிலைத்ததல்ல, சிஞ்ஞோராவின் களைப்பால் நிலைத்தது. மனைவி வந்தார். ஊர் எரிந்ததற்குப் பிறகு நடந்ததையெல்லாம், சிஞ்ஞோரா கண்மூடும்வரை, நான்தான் கேட்டேன். நகரபிதாவோ நெடுங்காலம் திடகாத்திரமாக இருந்தார். வருடா வருடம் நவம்பரில் சிஞ்ஞோராவுக்குத் தொலைபேசி எடுத்து, “இன்னும் பசுவாத்தான் இருக்கிறன் எண்டு அவனுக்குச் சொல்லு” என்பாராம்.

போன வருடம் மகளின் கலியாணம். வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கவேண்டியவன் பெண்ணின் தகப்பன்தானே? பட்டு வேட்டியோடு போய்ப் பன்னீர்ச் செம்பில் கை வைத்தேன். மனைவி மண்டபத்தின் மறுகோடியில் இருந்து, ஒலிவாங்கி தேவைப்படாத குரலில் கத்தினார்:

“பிள்ளையள், அதை அப்பாவிட்டையிருந்து பறியுங்கோ! மாப்பிள்ளை வீட்டுக்காரர் உயிரோடை திரும்பிப் போகவேணும்!”