நிரந்தரப் பயனாளியும் அடைத்த வடிகாலும்

ஏழைகளுக்குச் சேவை செய்வதென்றால் சும்மா எழுந்து போய்ச் செய்துவிட முடியாது. ஆயத்தம் வேண்டும். எங்கள் சிங்கப்பூர்த் தொழிற்கல்லூரியிலிருந்து வருடாவருடம் ஒரு மாணவர் குழு ஜாவாவில் ஒரு கிராமத்துக்குப் போய், அங்குள்ள கழிவுநீர்க் கால்வாயில் அடைப்பெடுத்துக் கொடுத்துவிட்டு வரும். ஒரு வாரச் சேவை. அதற்கு அரை வருட ஆயத்தம்.

அந்தக் கல்லூரி உணவகத்தில் நான் கோப்பிக் கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்னால் ஒரு வடிகால். அது அடைத்துக்கொண்டது. பராமரிப்புப் பிரிவிடம் சொன்னேன். மேல்மூடி தங்களுடையது, உள்ளே இருக்கும் தண்ணீர் உணவகப் பிரிவுடையது என்றார்கள். உணவகப் பிரிவோ, ஓடுகிற தண்ணீருக்குத்தான் தாங்கள் பொறுப்பு, நிற்கிற தண்ணீருக்கு இல்லை என்றது. நானே மூடியைத் திறந்தால் உரிமம் போய்விடும். வெள்ளிக்கிழமை சுகாதாரச் சோதனை. தண்ணீர் நின்றால் கடையை மூடிவிடுவார்கள்.

அப்போதுதான் சேவைப் பயண ஒருங்கிணைப்பாளர் டெரிக் கோ வந்தார்.

"ஆன்ட்டி, ஒத்திகைக்கு ஒரு கிராமவாசி வேணும். உங்க முகத்துல எப்பவும் ஒரு கவலை இருக்கு. பொருத்தமா இருக்கும்."

"எனக்கு நெஜமாவே கவலை சார்."

"அப்படியே வச்சுக்குங்க. நாளைக்குள்ள கொறஞ்சிடாமப் பாத்துக்குங்க."

மறுநாள் ஒரே நிறச் சட்டையில் குழு வந்தது. தலைவி ஹுய் ஷான், பயனாளியின் கண்மட்டத்துக்கு இறங்கிப் பேச வேண்டும் என்ற விதிப்படி மண்டியிட்டாள். நான் குள்ளம்தான், அவ்வளவு குள்ளமில்லை. அவள் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கேட்டாள்: "தங்கள் சமூகத்தின் ஆழ்ந்த தேவை யாது?"

"வடிகால் அடைச்சிருக்கும்மா. அதோ பின்னாடி."

எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். ஒருத்தி வாந்தி எடுத்தாள். "எவ்வளவு தத்ரூபம்!" என்று டெரிக் கோ நெகிழ்ந்தார்.

ஹாஃபிஸ் என்ற பையன் மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான். "சார், மூடியத் தூக்கி ஒரு கம்பிய விட்டா போயிடும். வீட்ல அப்பா அப்படித்தான் செய்வார்."

"கைய எடு!" டெரிக் கோ பதறிப்போனார். "நாம இன்னும் 'செவிமடுத்தல்' கட்டத்துலதான் இருக்கோம். 'கைவைத்தல்' எல்லாம் கடைசி மாசம்."

"அதுக்குள்ள ஆன்ட்டி கடைய மூடிடுவாங்களே சார்."

"அப்படியா? அருமை! 'இழப்பில் உடனிருத்தல்'னு ஒரு கட்டம் சேர்த்துடலாம்."

மேற்கொண்டு பயிற்சி குளிர்சாதன அரங்கத்தில் நடந்தது. அட்டையில் கால்வாய் செய்தார்கள். சாக்கடைத் தண்ணீருக்கு என் கடையிலிருந்தே மைலோ சாக்லேட் பானம் வாங்கிப் போனார்கள், பாதுகாப்புக்காக ஆறவைத்து. அடைப்புக்கு ரொட்டி. கையுறை மாட்டி ரொட்டியை வெளியே எடுத்ததும் பலத்த கைதட்டல்.

வெள்ளிக்கிழமை சோதனை அதிகாரி வந்தார், மூக்கைப் பொத்தினார், கடையை மூடினார். குழு என்னைச் சுற்றி நின்று கைகோத்து மௌனம் காத்தது. ஹுய் ஷான் கண் கலங்கினாள்.

"ஆன்ட்டி, இப்ப எப்படி உணர்றீங்க?"

"பார்லி அடுப்புல பொங்குது. கைய விடும்மா."

அடுத்த வாரம் ஜாவா கிராமத்துத் தலைவர் பாக் சுமார்த்தோவோடு காணொளிப் பேச்சு. மாதிரிப் பயனாளி என்று என்னையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மலாய் தெரிந்த ஹாஃபிஸ்தான் கேள்வி கேட்டு மொழிபெயர்த்தான்.

"கால்வாய் எப்படி இருக்குங்க?"

"நல்லா ஓடுது தம்பி. அடைச்சிச்சு, நாலு பேர் இறங்கி அன்னைக்கே எடுத்துட்டோம்."

"யாரக் கேட்டு எடுத்தாங்க?" என்றார் டெரிக் கோ.

தலைவர் நல்ல மனிதர். "வருத்தப்படாதீங்க. நீங்க வர்ற வாரம் வைக்கோல் திணிச்சு வைக்கிறோம். வருஷா வருஷம் அப்படித்தானே செய்றோம்?"

கல்லூரி மேலிடம் அவசரமாகக் கூடியது. வைக்கோலுக்காகக் கடல் தாண்டுவது முறையல்ல என்றும், அசல் அடைப்பு வளாகத்துக்குள்ளேயே இருப்பது பெரும்பேறு என்றும் தீர்மானித்தது. என் வடிகால் 'வாழும் கற்றல் வளம்' ஆனது. என்னை 'நிரந்தரப் பயனாளி'யாக நியமித்தார்கள். மாதச் சம்பளம், கோப்பியில் வந்ததைவிட அதிகம். மருத்துவச் செலவும் உண்டு. வேலை, வடிகால் பக்கத்தில் நின்று கவலைப்படுவது. அதை நான் இத்தனை காலம் இலவசமாகச் செய்திருக்கிறேன்.

மற்ற கல்லூரிகளும் வரத் தொடங்கின. ஹாஃபிஸை மட்டும் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவசரக்காரனாம்.

நேற்று காலை, பராமரிப்பும் உணவகமும் எப்படியோ சமாதானமாகி, குழாய்க்காரர் ஒருவரை அனுப்பிவிட்டார்கள். நீளக் கம்பியோடு வந்து நின்றார்.

"ஆன்ட்டி, கொஞ்சம் நகருங்க. அஞ்சு நிமிஷ வேலை."

நான் இரண்டு கையையும் விரித்து வடிகாலை மறைத்தேன். "கிட்ட வந்து பாரு! நான் நாலு காசு பாக்குறது ஒனக்குப் பொறுக்கலையா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். மூடியைத் தூக்கினேன்; இப்போது எனக்கு அந்த அதிகாரம் உண்டு. தண்ணீர் தானாகவே லேசாக வடிய ஆரம்பித்திருந்தது. பக்கத்து மீ நூடுல்ஸ் கடைக்காரியிடம் முந்தின நாள் மிச்சத்தை ஒரு வாளி கேட்டு வாங்கி, குச்சியால் நன்றாக உள்ளே திணித்தேன்.