கொள்ளு அடித்த கார்

சென்னையில் கார் ஓட்டப் பழகியவர்களுக்குக் காலி ரோட்டைக் கண்டால்தான் பயம் வரும். முன்னால் ஒரு ஆட்டோ, பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி, பின்னால் ஹாரன் அடிக்க நாலு பேர் இருந்தால்தான் நமக்குக் கால் சரியாக வேலை செய்யும். உத்திரமேரூர் தாண்டி, ஈ காக்காய்கூட இல்லாத ஒரு கிராமத்து ரோட்டில் நான் காரை ஆமை வேகத்தில் உருட்டிக்கொண்டு போனதற்கு இதுதான் காரணம். (அப்பா இன்றுவரை இதை நம்பவில்லை.)

பெயருக்குத்தான் அது குடும்பக் கார். மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே, தினமும் அப்பாவின் கையால் மஞ்சள் துணியில் துடைக்கப்பட்டு நிற்கும். உள்ளே முறுக்கு தின்னக் கூடாது. கதவை அறைந்து சாத்தக் கூடாது. நான் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியும் சாவி அப்பாவின் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. அழுது, சண்டை போட்டு, சாப்பிடாமல் இருந்து (மதியம் மட்டும்), கடைசியில் அவரை வழிக்குக் கொண்டுவந்தேன்.

"பொங்கல் கழிஞ்ச ஞாயித்துக்கிழமை நீயே ஓட்டு. ஊருக்கு வெளிய ஜாலியா ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம். வண்டி போன மாதிரியே திரும்பி வந்துச்சுன்னா இனிமே சாவி ஆணியில தொங்கும், எப்ப வேணா எடுத்துக்கோ. ஏதாவது ஆச்சு, ஜென்மத்துக்கும் உனக்கு ஆட்டோதான்."

செங்கல்பட்டு வரை அப்பா முன் சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பிறகு ஏரியும் வயலும் புளியமரமுமாக வரத் தொடங்கியதும் அவருக்கே மனசு இளகிவிட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தார். பின் சீட்டிலிருந்து அம்மா, "பரவால்ல, நல்லாத்தான் ஓட்டுறா" என்றாள். சாவி கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்படியொரு சந்தோஷம்.

ஒரு வளைவில் திரும்பினால், ரோடு முழுக்கக் காய்ந்த செடிகளைப் பரப்பியிருந்தார்கள். சட்டென்று பிரேக் போட்டேன். ஒரு பெண் முறத்தோடு ஓடிவந்தார்.

"ஏன் கண்ணு நின்னுட்ட? கொள்ளு போட்டுக்கீறோம். மேல ஏத்திக்கினு போ. வண்டி ஏறுனாத்தான் மணி உதிரும்."

"சாப்பிடற பொருள் மேல எப்படிங்க ஏத்தறது?" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். "காலையிலேர்ந்து வெறும் டூவீலரா போவுது சார். இந்த மாரி கனமான வண்டி ஒண்ணு வராதான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

அவ்வளவுதான். அந்தக் காரை அதுவரை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப வர்றதெல்லாம் தகர டப்பாம்மா. இது இரும்பு" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "ம், ஏத்து" என்றார்.

ஏற்றினேன். அப்பளம் நொறுங்குவது போல் சத்தம். "அப்படியே ரிவர்ஸ்ல ஒரு வாட்டி வா கண்ணு!" என்றார் அந்தப் பெண். அப்பா தலையை வெளியே நீட்டி, "லெஃப்ட்ல சரியா உதிரல, லெஃப்ட்ல வா" என்று மேஸ்திரியாகவே மாறிவிட்டார். போனேன், வந்தேன், மறுபடி போனேன். எனக்கு ரிவர்ஸ் ஒழுங்காக வந்ததே அன்றைக்குத்தான்.

"ஏதோ தீயுதுடி" என்றாள் அம்மா.

கார் ஒரு முனகலோடு நின்றது. இறங்கிக் குனிந்து பார்த்தால், அடியில் கொள்ளுச்செடி தாடி மாதிரி சுற்றிக்கொண்டு தொங்குகிறது. சைலன்சர் பக்கம் புகை. "ஐயோ, என் கொள்ளு!" என்றார் அந்தப் பெண். "ஐயோ, என் வண்டி!" என்றார் அப்பா. (என் சாவிக்காக ஐயோ சொல்ல ஆளில்லை.) அம்மாதான் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த மோர் முழுவதையும் அடியில் ஊற்றினாள். புகை அடங்கியது. பெருங்காய மோர் என்பதால் அந்த இடமே தாளித்த மாதிரி மணத்தது.

சூடு ஆறியதும், படுத்துக் கையை விட்டுச் செடியைப் பிடுங்க வேண்டியிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"குதிரை கொள்ளுன்னா வாயத் திறக்கும், கடிவாளம்னா வாய மூடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் அம்மா.

நானும் அந்தப் பெண்ணும்தான் ரோட்டில் படுத்துப் பிடுங்கினோம். ஒருவழியாக வண்டி கிளம்பியது. திரும்பும் வழியெல்லாம், ஒவ்வொரு வேகத்தடையிலும் காருக்கடியில் கலகலவென்று கொள்ளு கொட்டும் சத்தம்தான். வீட்டுக்கு வந்ததும் அப்பா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

மறுநாள் காலையில் அப்பா சாவியை என் முன்னால் நீட்டினார்.

"வண்டிய ஒர்க்‌ஷாப்புல காட்டிட்டு வா."

"நானா?"

"பின்ன? அடியில கொள்ளு எப்படி வந்துச்சுன்னு மெக்கானிக் கேப்பான். மேல ஏத்தச் சொன்னதே நான்தான்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது? வெக்கமா இருக்கு. நீயே போ. வந்ததும் சாவிய ஆணியில மாட்டிடு."

அந்தக் காரை விற்று ரொம்ப நாளாகிறது. கல்யாணமாகி நான் பெசன்ட் நகர் வந்துவிட்டேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ என்று வாய்விட்டுக் கேட்கிற மனிதரும் இல்லை. அதனால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் பண்ணேன். இன்னிக்குக் கொள்ளு அடிக்க வண்டி ஏதாவது வருமா?"

அம்மா பின்னால் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

"வரும்ப்பா. சட்டை போட்டு ரெடியா இருங்க" என்பேன்.

"அப்பவே போட்டாச்சு" என்பார்.