சைரன் என்று சொன்ன மாப்பிள்ளை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
16.11.1986

கிள்ளானில் இருக்கும் அன்பு மச்சான் பழனியப்பன் அவர்களுக்கு,

பக்கிரிசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வள்ளியம்மாவும் மகள் தமயந்தியும் நலம். அங்கே அக்காவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று சாயங்காலம் தமயந்தியைப் பெண் பார்க்க சுபாங் ஜெயாவிலிருந்து வாசு என்றொரு வாத்தியார் வந்தார். ஆங்கில இலக்கியம் படித்தவர். வெளியே மழை, ரயில் போகிற சத்தம்கூடப் பஞ்சில் சுற்றியது போலத்தான் கேட்டது. வள்ளியம்மா சும்மா இருக்காமல், "ஒரு பாட்டுப் பாடுடி" என்றாள். சுங்கை வே பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்தப் பெண் வாயைத் திறந்து பாடியதே இல்லை, உங்களுக்குத் தெரியும். நேற்று என்னவோ பாடினாள். மச்சான், நான் எங்கே உட்கார்ந்திருக்கேன்னே மறந்துபோச்சு. கையில இருந்த கேசரி வேட்டியில விழுந்ததுகூடத் தெரியல. பாட்டு முடிஞ்சதும் வாசு கண்ணைத் திறந்து, "அங்கிள், உங்க மக ஒரு சைரன்" அப்படின்னாரு.

தமயந்திக்கு முகம் சுண்டிப்போச்சு. "ஷிப்டுக்கு ஊதுதே, அதுவா?"ன்னு கேட்டுட்டு எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா. வாசு பதறிப்போய், "ஐயோ, அது இல்ல லா! கிரேக்கக் கதையில கடல் நடுவுல, பாறையில உட்கார்ந்து பாடுற பொண்ணுங்க. அந்தப் பேரைத்தான் பிற்பாடு ஊதுற மெஷினுக்கு வச்சிட்டாங்க. பாட்டைக் கேட்ட மாலுமிங்க வீடு வாசலை மறந்து, கப்பலைப் பாறையில மோதிச் செத்துப்போவாங்க"ன்னு விளக்கினாரு. வள்ளியம்மா பலகாரத் தட்டைத் திரும்ப எடுத்துக்கிட்டா. "என் பொண்ணு ஆளைக் கொல்றவளா?"ன்னு நான் கத்திட்டேன்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னாலேருந்து தமயந்தி கேக்குறா: "யாருமே தப்பிக்கலையா?"

"ஒரு கப்பல்ல எல்லாரும் காதை மெழுகால அடைச்சுக்கிட்டாங்க. அவங்க ராஜா மட்டும் பாட்டைக் கேட்டே ஆகணும்னு பாய்மரத்துல கட்டிக்கிட்டாரு."

"நீங்க காதை அடைக்கிறவரா, கட்டிக்கிறவரா?"

வாசு எழுந்து நின்னு, "கட்டிக்கத்தான் வந்தேன்"னாரு.

என் வீட்டுல, என் முன்னாலேயே! "சொல்லி அனுப்புறோம்"னு அனுப்பிட்டேன். கனவுல மிதக்கிற ஆளை நம்பிப் பொண்ணைக் குடுக்க முடியுமா? ஆகவே நீங்கள் சொன்ன அந்த லோரிக்காரர் மகனையே பேசி முடித்துவிடுங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்வான்.

தங்கள் மைத்துனன்,
பக்கிரிசாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாசு மறுபடி வந்துவிட்டார், நேற்று மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க. தமயந்தி அதை எங்கோ ஒளித்துவைத்துவிட்டு, "நீங்களே தேடிப் பாருங்க" என்கிறாள். இரண்டு பேரும் தேடுகிற மாதிரியே தெரியவில்லை. வள்ளியம்மா இரண்டாவது தடவை டீ போடுகிறாள். லோரிக்காரரிடம் ஒன்றும் பேச வேண்டாம், மச்சான். தை மாதம் அக்காவோடு வந்து சேருங்கள். குடை அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. நான் சொல்லவில்லை.