நிழலானந்தர் படித்த மூளை

டயர்க் கடைக்கு மேல் மாடியில் ஒரு கூடம். காலை ஆறு மணிக்கே படிக்கட்டு முழுக்கக் கூட்டம். எல்லோர் இடுப்பிலும் ஒரு குழந்தை, எல்லோர் கையிலும் ஒரு பெரிய பழுப்பு உறை. உறைக்குள் எம்.ஆர்.ஐ. படம். நடக்காத பிள்ளை, பேசாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை... அத்தனை மூளைகளையும் படித்துப் பலன் சொல்ல நிழலானந்தர் எழுந்தருளியிருந்தார்.

அவர் என்ன படித்தவர் என்று கேட்காதீர்கள். இத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை; நாம் மட்டும் கேட்டால் மரியாதையாக இருக்குமா?

படத்தை டியூப்லைட்டுக்கு எதிரே பிடிப்பார். ஒரு கண்ணை மூடுவார். "நடுவுல கருப்பா ரெண்டு தெரியுதா? அப்பா வழிச் சாபம்!" என்பார். அந்தக் கருப்பு, மூளைக்குள் நீர் நிற்கும் அறை. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு, நிழலானந்தருக்கும் உண்டு. கூட்டம் வாயைப் பிளந்தது.

வரிசையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக், அவர் மனைவி, இரண்டரை வயது மகள். குழந்தை இன்னும் நிற்கவில்லை. வார்த்தை என்று ஒன்றும் வரவில்லை. டாக்டர் மூன்றே நிமிடத்தில் வாய்க்குள் நுழையாத ஏழெட்டு வார்த்தைகளைச் சொல்லி, பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். நிழலானந்தரோ ஒரே வார்த்தையில் முடித்தார். சாபம்! எவ்வளவு தெளிவு! "பயிற்சி கியிற்சி எல்லாம் நிறுத்து. ஆறு மாசம் நான் தர்ற தண்ணியால படத்தைத் துடை. கருப்பு கரைஞ்சா குழந்தை ஓடும்" என்று போன வாரம் உத்தரவு. தண்ணீர் வாங்கத்தான் இன்று வந்திருந்தார்கள்.

கூடவே மெக்கானிக்கின் அக்காளும் வந்திருந்தாள். ஸ்கேன் மெஷின் இயக்குபவள். வாய் கொஞ்சம் நீளம்.

"டேய், லிஃப்ட் பாதியில நின்னா, வயரிங் படத்தைத் துடைச்சுக்கிட்டா உக்காந்திருப்ப?"

"சும்மா இரு, அக்கா. டாக்டர் சொன்னது ஒண்ணும் புரியல. இவர் சொன்னது புரியுது."

"புரியுறதெல்லாம் உண்மையாடா?"

மனைவி குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "இப்பத்தான் சாயாம உக்கார ஆரம்பிச்சிருக்கா, அண்ணி. இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் முக்கியமாம். நிறுத்தச் சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"ஒரே ஒரு சோதனை," என்றாள் அக்காள். "இவர் தேறிட்டா, நானே தினமும் வந்து துடைக்கிறேன். போதுமா?"

மெக்கானிக் தலையாட்டினார். முறை வந்தது. அக்காள் தன் பையிலிருந்து வேறோர் உறையை நீட்டினாள்.

"சாமி, இது இன்னொரு படம். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

நிழலானந்தர் ஒரு கண்ணை மூடினார். போதவில்லை போலும், மற்றதை மூடிப் பார்த்தார். "ஐயோ! ஆம்பளப் புள்ள. மூணு வயசு. பிடிவாதம் ஜாஸ்தி."

"அப்படிங்களா!"

"அடியிலேர்ந்து வெள்ளையா ஒரு தண்டு ஏறுது பாரு, அது அம்மா வழிக் கோபம். சுத்திச் சுத்தி மடிப்பு. ஒரு மடிப்பு ஒரு தலைமுறை." விரல் விட்டு எண்ணினார். "பதினாலு!"

"ஆ!" என்றது கூட்டம்.

"பேசுமா சாமி?"

"என் தண்ணியால துடைச்சா மூணே மாசம். மேடையேறிப் பேசும்!"

அக்காளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கியபடி படத்தைத் தம்பியிடம் கொடுத்தாள். "கீழ் மூலையில பொடி எழுத்து இருக்கு. சத்தமாப் படி."

மெக்கானிக் முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு கூடம் அதிரப் படித்தார். "மெஷின் சோதனை. முட்டைக்கோஸ்."

"முட்டை... என்னது?" என்றது முன்வரிசை.

"மெஷினைப் பழுது பாத்தா, எதையாவது உள்ள வெச்சு எடுத்துப் பாப்போம். அன்னைக்குக் கையில கிடைச்சது முட்டைக்கோஸ்." அக்காள் சாமியார் பக்கம் திரும்பினாள். "மேடையேறிப் பேசும்னீங்களே சாமி, அதுக்கு வழியில்லையே. சாயங்காலமே அதை வதக்கிச் சாப்பிட்டுட்டோம்!"

சிரிப்பு படிக்கட்டு வரை உருண்டது. குழந்தைகள் காரணம் தெரியாமலே கைதட்டின. "காய்கறிக்கும் ஆத்மா..." என்று தொடங்கிய ஞானியை யாரும் முடிக்க விடவில்லை. தண்ணீர்க் குடத்தை உதைத்துத் தள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார். ஒருவர் மட்டும், "முட்டைக்கோஸுக்கே பதினாலு தலைமுறை சொல்றார்னா, எவ்வளவு பெரிய மகான்!" என்று உருகினார். அவர் மனைவி அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. மகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "ஆறு மாசம் உன்ன சும்மா படுக்கப் போட்டிருப்பேனே, தங்கம்" என்றார். அழுகை வந்துவிட்டது.

நேரே டாக்டரிடம் போனார்கள். "புரியுற மாதிரி சொல்லுங்க சார். புரியலைன்னா மறுபடி கேப்பேன்."

டாக்டர் திகைத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார். "நரம்பு மேல ஒரு உறை படியணும், வயருக்கு இருக்கிற மாதிரி. இவளுக்கு அது மெதுவாப் படியுது. அதனால சேதி போறது தாமதமாகுது. எவ்வளவு முன்னேறுவான்னு இந்தப் படம் சொல்லாது. பயிற்சியை விடாம செஞ்சு, பாத்துக்கிட்டே வரணும்."

"இன்சுலேஷன்!" என்று கத்தினார் மெக்கானிக். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் சார் அந்த மாடி ஏறுறேன்?"

டாக்டர் தலைகுனிந்தார். குனியட்டும், அவருக்கும் இதில் பங்கு உண்டு.

நிழலானந்தர் இப்போது வேறோர் ஊரில் எக்ஸ்ரே படிக்கிறாராம். அங்கேயும் கூட்டத்துக்குக் குறைவில்லையாம். ஐயா, அம்மா, உங்கள் தலைக்குள் இருப்பது முட்டைக்கோஸ் இல்லை என்று காட்ட ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்து ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.